நேரில் கேட்காத கேள்விகள்

நாங்கள் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர்கள். பல ஆண்டுகளாக ஒரே வளாகத்தில் வேலை பார்க்கிறோம். ஆனால் எங்களில் ஒருவர் பாடம் நடத்துவதை இன்னொருவர் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. மணி அடித்ததும் ஆளுக்கொரு வகுப்புக்குள் போய்விடுகிறோம். அடுத்த மணி வரை அங்கே என்ன நடக்கிறது என்பது அந்த ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே தெரியும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி, 1975இல் வெளிவந்த தம் நூலில், பள்ளிக்கூடத்தை முட்டை அடுக்கும் அட்டையாகப் பார்த்தார். குழிக்கு ஒரு முட்டை, ஒன்றோடொன்று உரசாமல். எங்கள் கட்டடத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

இருந்தாலும் ஒவ்வொருவரைப் பற்றியும் எங்களிடம் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இவருக்கு வகுப்பை அடக்கத் தெரியாது. அவர் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு போன் பார்ப்பார். இந்த டீச்சர் எச்.எம். அறைக்குள் போனால் அரை மணி நேரம் வெளியே வரமாட்டார். இவற்றில் எதையும் நாங்கள் பார்த்து அறியவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் காதில் விழுந்தவைதான் எல்லாம். அந்தப் பேச்சு எங்களில் சிலரை என்ன செய்தது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நாங்கள் யோசித்ததில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறோம். இதில் பெயர்கள் இல்லை. முதலில் பேச்சைக் கிளப்பியவர் யார் என்ற விசாரணையும் இல்லை. அதில் இறங்கினால் இதுவும் இன்னொரு புறம்பேச்சாக முடிந்துவிடும்.

மாறுதல் வாங்கி எங்கள் பள்ளிக்கு வந்த கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் வந்த முதல் வாரமே ஒரு கேள்வி எழுந்தது: "இந்த இடத்துக்கு எத்தனை சீனியர் காத்திருந்தாங்க, இவங்களுக்கு எப்படிக் கெடச்சுது?" கேட்டவருக்கு அது வெறும் சந்தேகம். அடுத்த மேசைக்குப் போனபோது அது "மேல பெரிய ஆள் இருக்கு" என்று ஆகியிருந்தது. மாதக் கடைசிக்குள் அதோடு ஒரு தொகையும் ஒட்டிக்கொண்டது. லட்சக் கணக்கை எங்களில் சிலர் உறுதியாகச் சொன்னார்கள்.

கலந்தாய்வில் முன்னுரிமைப் பட்டியல் என்று ஒன்று உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பார்வையற்றோர், மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்தவர்கள், இதய அறுவைச் சிகிச்சையோ சிறுநீரக மாற்றோ புற்றுநோய்ச் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் என்று அதில் பல பிரிவுகள் இருக்கின்றன. எங்களில் பலர் அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள். அந்த ஆசிரியை அப்படி ஒரு பிரிவில்தான் வந்திருந்தார். எந்தப் பிரிவு என்பதை இங்கே எழுத மாட்டோம், அது அவருடைய சொந்த விஷயம். அவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பேச்சு அன்றே நின்றிருக்கும் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இதை எழுதுகிற எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் உடம்பின் கதையை ஊரறியச் சொல்லித்தான் ஒருவர் தன் நேர்மையை நிரூபிக்க வேண்டும் என்றால் தவறு அவரிடம் இல்லை. "டீச்சர், இப்படி ஒரு பேச்சு ஓடுது, உண்மை என்ன?" என்று எங்களில் ஒருவர் அவரிடமே கேட்டிருக்கலாம். அல்லது பேசிக்கொண்டிருந்தவரிடம் "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தோம்.

அவர் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. ஒன்பதில் வந்து நிற்கும்போதுதான் எந்தப் பிள்ளைக்கு வகுத்தல் வராது, யார் வாய்ப்பாட்டிலேயே தடுமாறுகிறார்கள் என்பது தெரியவரும். மெல்லக் கற்போர் என்று பட்டியல் எடுத்துப் பதிவேட்டில் எழுதி வைப்பதோடு எங்கள் வேலையை முடித்துக்கொள்வோம். இவர் அந்தப் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து, மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கினார். ஸ்டாஃப் ரூமில் இரண்டு கருத்துகள் வந்தன. ஒன்று, "எச்.எம்.கிட்ட நல்ல பேர் வாங்கத்தான்." மற்றது, "நாளைக்கு நம்ம எல்லாரையும் சாயங்காலம் நிக்கச் சொல்லுவாங்க, பாருங்க."

இரண்டாவது பேச்சில் நியாயமான பயம் ஒன்று இருந்தது. ஒருவர் விரும்பிச் செய்யும் வேலை நாளைக்கு எல்லோருக்கும் உத்தரவாக வருவதை அரசுப் பள்ளியில் நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள், இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் அதற்குப் பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பயத்தைத் தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய நாங்கள், அதை அந்த ஆசிரியையின் குணத்தைப் பற்றிய பேச்சாக மாற்றினோம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. முதலில் அவர் மதியச் சாப்பாட்டை ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்து வருவதை நிறுத்தினார். காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு மாணவன் மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் போடும் நாங்கள், எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து போனதை ஏன் என்று கேட்கவில்லை. பிறகு மாலை வகுப்பு நின்றது. மணி அடித்தால் வருவார், மணி அடித்தால் போவார். பாடக்குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தலைவலி, தூக்கமின்மை என்று தற்செயல் விடுப்பு பன்னிரண்டும் ஆண்டு பாதியிலேயே தீர்ந்து, மருத்துவ விடுப்பில் போனார். அப்போது நாங்கள் சொன்னது: "பாத்தீங்களா, அன்னிக்கே சொன்னோம்ல, வேலை செய்யற ஆள் இல்லன்னு." நாங்கள் பேசிப் பேசி ஒருவரை ஒதுங்கவைத்துவிட்டு, அந்த ஒதுங்கலையே எங்கள் பேச்சுக்குச் சாட்சியாக வைத்தோம். எழுதும்போது கை கூசுகிற இடம் இதுதான். அடுத்த கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் பணிச்சோர்வை அளக்க ஓர் அளவுகோலை 1981இல் வெளியிட்டார். மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவர்களிடம் ஒட்டாமல் விலகிப்போவது, தான் செய்வதால் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றிவிடுவது என்ற மூன்றையும் அது பார்க்கிறது. மூன்றும் அந்தக் கணித ஆசிரியையிடம் தெரிந்தன. ஸ்டீவன் ஹாப்ஃபால் 1989இல் முன்வைத்த கருத்து இன்னும் கிட்டே வருகிறது. மனிதர் தம்மிடம் உள்ள தெம்பு, மதிப்பு, உறவு, நேரம் எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொள்ளவே பார்ப்பார். இழப்பு மேல் இழப்பு வந்தால், மிச்சம் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கிவிடுவார். மாலை வகுப்பை நிறுத்தியது சோம்பேறித்தனமில்லை. இருந்த தெம்பு முழுவதும், காலையில் ஸ்டாஃப் ரூம் வாசலைத் தாண்டி நடப்பதற்கே செலவாகிவிட்டது.

பேச்சே கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. 467 பேரின் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 52 நிமிடம் அங்கே இல்லாத மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தது. அதில் பெரும்பகுதி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்னாருக்குப் பேரன் பிறந்தது, இன்னார் வீடு மாறினார் என்கிற வகை. அது இல்லாவிட்டால் வேலை செய்யும் இடம் இடமாகவே இருக்காது. புதிதாக வந்தவருக்கு எந்த பஸ் வசதி, எந்த வகுப்பில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிகிறது. எங்கள் குறை வேறு. ஒருவரிடம் நேரே கேட்டுத் தெளிய வேண்டியதையும், மேலே எழுதிக் கேட்டு வாங்க வேண்டியதையும், புகாராகக் கொடுக்க வேண்டியதையும் நாங்கள் பேச்சாகவே தீர்த்துக்கொண்டோம். பேசி முடித்ததும் மனம் லேசானது. அதனால் கேட்க வேண்டியது கேட்கப்படாமலே போனது.

மகப்பேறு விடுப்பை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பணியில் அது 12 மாதம். பெண்கள் போராடிப் பெற்ற நல்ல உரிமை. ஒருவர் அந்த விடுப்பில் போகும்போது அவர் இடத்துக்கு ஆள் வராவிட்டால், அவருடைய பாடவேளைகள் மற்றவர்கள் தலையில் விழுகின்றன. அசதியும் கோபமும் இயற்கை. மாற்று ஆசிரியர் வேண்டும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகவாவது ஓர் ஆளைப் பிடித்திருக்கலாம். நாங்கள் செய்ததோ, "ரெண்டாவதும் பெத்துக்கிட்டு ஒரு வருஷம் ஜாலியா இருக்காங்க" என்ற பேச்சு. விடுப்பு முடிந்து பால் குடிக்கும் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பியவரை அந்த வாக்கியம் காத்திருந்து பிடித்தது. இதைச் சொன்னவர்களில் பெண்களும் உண்டு. குழந்தை இல்லாத இன்னொரு ஆசிரியை அதே அறையில், அதே பேச்சின் வேறொரு முனையால் குத்துப்பட்டுக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியர்களும் இதில் எங்களோடு நிற்க வேண்டியவர்கள்தான். மாற்றுப்பணியில் யார் போவது, விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு யார், 10-ஆம் வகுப்பு யாருக்கு, விடுப்பில் இருப்பவரின் பாடவேளை யாருக்கு என்ற முடிவுகள் காரணம் சொல்லாமல், பல நேரம் வாய்மொழியாகவே, எடுக்கப்பட்டன. உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் வதந்தியைப் பற்றி எழுதிய நூலில், விஷயம் எவ்வளவு முக்கியமானதோ, எவ்வளவு தெளிவற்றதோ, அந்த அளவுக்கு வதந்தி வலுக்கும் என்றார்கள். ஒரு ஆசிரியரின் பாடவேளை அட்டவணையைவிட அவருக்கு முக்கியமானது பள்ளியில் எது? அதற்குக் காரணம் சொல்லப்படாவிட்டால் காரணத்தை நாங்களே உண்டாக்கிக்கொள்வோம். எச்.எம்.முக்கு வேண்டியவர், எச்.எம். சாதிக்காரர், எச்.எம். வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோனவர். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு தாள் இதில் பாதியைத் தடுத்திருக்கும். அந்தத் தாளை ஒட்டச் சொல்லி ஆசிரியர் கூட்டத்தில் நாங்கள் ஒரு தடவைகூட எழுந்து கேட்கவில்லை. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, முடிந்ததும் சைக்கிள் ஷெட்டில் நின்று பேசினோம்.

இந்தப் பேச்சு பிள்ளைகளைத் தொடாது என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டுக்கட்டோடு ஒரு பெண் எப்போதும் நின்றுகொண்டிருப்பாள். தண்ணீர் கொண்டுவரும் பையன் உள்ளேயே இருப்பான். ஒரு ஆசிரியரைப் பற்றி நாங்கள் மதியம் பேசியது, அவருடைய கடைசிப் பாடவேளையில் பின்வரிசைச் சிரிப்பாக வந்தது. சாதி பற்றிய பேச்சும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தபோது, அதன் பரிந்துரைகளில் சில ஆசிரியர்களையும் கல்வி அதிகாரிகளையும் பற்றியவை. எங்களில் பலருக்கு அப்போது கோபம் வந்தது. "அவங்க ஆளு", "நம்ம ஆளு" என்று ஒரு நாளில் எத்தனை முறை வாசலில் நிற்கும் பிள்ளை காதுபடப் பேசினோம் என்று கோபப்படும் முன் எண்ணியிருக்க வேண்டும்.

இன்னொரு இழப்பை இப்போதுதான் புரிந்துகொண்டோம். ஓர் இளம் ஆசிரியரின் வகுப்பில் ஒரு பையன் தினமும் தூங்கிக்கொண்டிருந்தான். என்ன செய்யலாம் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்க அவருக்குத் தயக்கம். கேட்டால் "அவர் கிளாஸ்ல பசங்க தூங்கறாங்களாம்" என்று ஆகிவிடும் என்று பயந்தார், அந்தப் பயம் சரியானதுதான். ஆனால் அந்தப் பையன் இரவில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறான், தகப்பன் படுத்த படுக்கை என்பது உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் இடையே ஒரு மேசைதான் தூரம். கேள்வி கேட்கப்படவில்லை, பதில் சொல்லப்படவில்லை. அரையாண்டு விடுமுறைக்குப் பின் பையன் வரவில்லை. இடைநின்றோர் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'குடும்பச் சூழல்' என்று எழுதினோம். நாங்களும் அந்தச் சூழலில் ஒரு பகுதி என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

கடைசியாக ஒன்று, இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கனமானது. சில பேச்சுகள் உண்மையாக இருந்தன.

ஓர் அலுவலர் ஆய்வுக்கு வந்தால் தனியாக அறைக்குப் போகாதே என்று மூத்த ஆசிரியைகள் இளையவர்களிடம் காதோடு சொல்லிவைத்தார்கள். அந்த எச்சரிக்கை பலரைக் காப்பாற்றியது, அதைச் சொன்னவர்களை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அது எச்சரிக்கையாகவே பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், புகார் விவரத்தை வெளியிடத் தடை. எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் குழுவின் பெயர்ப் பலகை சுவரில் இருக்கிறது. குழு கூடியதில்லை. வெளி உறுப்பினர் யார் என்று எங்களில் பலருக்குத் தெரியாது. யாரும் எழுத்தில் கொடுக்காததால் அந்த அலுவலர் அடுத்த ஒன்றியத்துக்கு நல்ல பெயரோடு போனார். அங்கே அந்த எச்சரிக்கையைக் காதில் சொல்ல யாராவது இருந்தார்களா என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இப்படித் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றமே ஆகும். ஓர் ஆசிரியரின் நடத்தையைப் பற்றி மாணவிகளிடையே ஒரு பேச்சு இருக்கிறது என்பது ஸ்டாஃப் ரூமில் தெரியும். 'அவர் அப்படித்தான்' என்று தலையசைத்துக் கடந்துவிடுவோம். கைது நடந்து செய்தித்தாளில் வந்த மறுநாள், "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லும் குரல்களை எத்தனை ஊர்களில் கேட்டிருக்கிறோம்! குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது என்று தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கலாம் என்று அஞ்சுகிறவரும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. "அப்பவே தெரியும்" என்பது சட்டத்தின் முன் ஒரு குற்ற ஒப்புதல். 1098, 14417 என்ற உதவி எண்கள் எங்கள் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கின்றன, பிள்ளைகள் அழைப்பதற்காக. அதே எண்ணை நாங்களும் அழைக்கலாம் என்பதை மறந்தே போனோம். ஆதாரமில்லாத மாறுதல் கதையை ஒரே வாரத்தில் மாவட்டம் முழுக்கப் பரப்பிய வாய்கள்தான் இவை. பேச வேண்டிய இடத்தில் அவை திறக்கவில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிச் சிலவற்றைக் கேட்கப் போகிறோம். மாற்றுப்பணி, பாடவேளை ஒதுக்கீடு இரண்டும் காரணத்தோடு பலகையில் ஒட்டப்பட வேண்டும். விடுப்புக் காலியிடத்துக்கு ஆள் கேட்டு எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் போக வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன் உள்ளகப் புகார் குழு வெளி உறுப்பினரோடு ஒருமுறை கூட வேண்டும். விரும்புகிறவர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார்ந்து பார்க்க வாரத்தில் ஒரு பாடவேளை விட வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கு எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது. குறை கண்டுபிடிக்க வருவார்கள் என்ற பயம். இத்தனை வருடம் நாங்கள் பழகிய விதத்துக்கு அந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

மாறுதலில் போன கணித ஆசிரியையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் சிலர். எங்கள் மனப்பாரம் குறைய அவரை மறுபடி கிளறக்கூடாது என்பது என் கருத்து, கூட இன்னும் சிலரும் அப்படி நினைக்கிறார்கள். ஆனால் அவர் புதுப் பள்ளியில் சேரும் முன்பே அங்கிருந்து எங்களில் ஒருவருக்கு போன் வந்திருந்தது: "புதுசா வர்ற மேக்ஸ் டீச்சர் எப்படி சார், வேலை செய்வாங்களா?" இவர் சொன்ன பதில் அவருக்கு முன்னால் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த வாரம், பதில் சொன்ன எங்கள் ஆசிரியரே போன் செய்தவரைத் திருப்பி அழைத்து, அன்று சொன்னது எதையும் தான் பார்த்ததில்லை என்பதையும், 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த டீச்சர் மாலையில் நடத்திய வகுப்பைப் பற்றியும், அது எதனால் நின்றது என்பதையும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பேசும்போது நாங்கள் இரண்டு பேர் கூட இருப்போம்.